கடல் தந்த மருந்தும் நம் வீட்டு அலமாரியும்



நம் இல்லங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டிலோ மேசை இழுப்பறையிலோ, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கிடப்பதுண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவர் ஏழு நாளைக்கென எழுதிக் கொடுத்த மருந்து அது. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. நான்காம் நாள் பிள்ளை எழுந்து தெருவுக்கு ஓடிற்று. ‘இனி எதற்கு?’ என்று எண்ணிய தாய், மிச்சத்தை எடுத்து வைத்துவிட்டாள். அடுத்த முறை வீட்டில் யாருக்கேனும் உடம்பு சுட்டால் உதவும் என்பது அவள் கணக்கு. வீண் செலவைத் தவிர்க்கும் சிக்கனம் என்றே நாமும் அதனைக் கருதுகிறோம்.

அந்த அட்டையைச் சற்றே திருப்பிப் பாருங்கள். ‘செஃபலெக்சின்’, ‘செஃபிக்ஸிம்’ என்பன போல, ‘செஃப்’ என்று தொடங்கும் பெயரொன்று அதில் இருக்கக்கூடும். அச்சிறு சொல்லுக்குப் பின்னே ஒரு கடற்கரை இருக்கிறது. போரில் இடிந்த ஒரு நகரம் இருக்கிறது. பல நாட்டு அறிஞர்களின் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவர் அந்த மாத்திரையை அலட்சியமாக எண்ண மாட்டார்.

சாக்கடை கலந்த கடலிலே

மத்தியதரைக் கடலில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த சார்தீனியா என்னும் தீவு உள்ளது. அதன் தலைநகர் காலியாரி. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டில், விமானக் குண்டுவீச்சினால் அந்நகரின் பெரும்பகுதி பாழாயிற்று. போர் விட்டுச் சென்ற வறுமையோடு, டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலும் அம்மக்களை வாட்டியது. அந்நாளில் அக்காய்ச்சலுக்குத் தக்க மருந்து கிடையாது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததெனினும், டைபாய்டுக் கிருமியை அடக்க அதனால் இயலவில்லை.

காலியாரிப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியராக விளங்கியவர் ஜுசெப்பே புரோட்சு. நகரின் கழிவுநீர், ‘சு சிக்கு’ என்னும் இடத்தருகே கடலிற் கலந்தது. எண்ணற்ற நோய்க்கிருமிகளைச் சுமந்து வரும் அந்நீர், கடலிற் சேர்ந்தபின் தானாகவே தூய்மை அடைவது எவ்வாறு என்பதை அவர் ஆழ்ந்து சிந்தித்தார். உப்பும் வெயிலும் மட்டுமோ காரணம்? அந்நீரிலேயே வாழும் ஏதேனும் ஓர் உயிர், நோய்க்கிருமிகளை எதிர்த்து அழிக்கின்றதோ? மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்லும் இடத்தில் அவர் இவ்வாறு வினவி நின்றார்.

1945-ஆம் ஆண்டில் அங்கிருந்து எடுத்து வந்த நீரிலிருந்து அவர் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். பழைய ரொட்டியிலும் ஊறுகாய்ச் சாடியிலும் படர்கிறதே பூசணம், அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். இதன் பெயர் செஃபலோஸ்போரியம். பின்னர் அக்ரிமோனியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அது சுரந்த நீர், டைபாய்டுக் கிருமி உட்படப் பலவகைக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. முற்றிலும் தூய்மைப்படுத்தப்படாத அச்சாற்றைக் கொண்டே அவர் நோயாளிகள் சிலருக்குச் சிகிச்சையும் அளித்து, நற்பயன் கண்டார்.

ஆனால் அதற்கு மேல் செல்லப் பொருளுமில்லை, கருவிகளுமில்லை. தாம் கண்டதை 1948-இல் தம் கல்லூரித் துறையின் சிறு வெளியீடொன்றில் அச்சிட்டு, வசதி மிக்க நிறுவனம் எதுவேனும் இப்பணியைத் தொடர வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தார். உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றில் இடம்பெறாத வெளியீடு அது.

கைமாறிய கொடை

போர்க்காலத்தில் சார்தீனியாவில் பணியாற்றிய பிளைத் புரூக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் வழியாக இச்செய்தி இங்கிலாந்தை எட்டியது. பெனிசிலினை மருந்தாக உருவாக்கிய குழுவின் தலைவரான ஹோவர்டு ஃபுளோரி அப்போது ஆக்ஸ்போர்டில் இருந்தார். புரோட்சு தம் பூஞ்சையை மறைத்து வைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டிலேயே அதனை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே எட்வர்டு ஆபிரகாம், கை நியூட்டன் ஆகிய இருவரும் அப்பூஞ்சையின் சாற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அதில் ஒன்றல்ல, பல பொருள்கள் இருப்பது தெரிய வந்தது. டைபாய்டுக் கிருமியைத் தடுத்தது அவற்றுள் ஒருவகைப் பெனிசிலின். அதனைத் தூய்மைப்படுத்தும்போது, 1953-இல், மிகச் சிறிய அளவில் வேறொரு பொருளும் உடன் இருப்பதைக் கண்டனர். அதற்குச் செஃபலோஸ்போரின் சி என்று பெயரிட்டனர். கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்குக் குறைவே. வேறொருவராயின் கழிவென்று ஒதுக்கியிருப்பர். ஆனால் அதனிடம் ஓர் அரிய பண்பு இருந்தது.

அப்பண்பின் அருமையை அறிய, அக்கால மருத்துவமனைகளின் நிலையை அறிய வேண்டும். சில கிருமிகள் பெனிசிலினையே உடைத்தெறியும் நொதியொன்றைச் சுரக்கின்றன. இதனை எர்னஸ்ட் செயின் என்பவருடன் சேர்ந்து 1940-இல் அறிவித்தவரும் இதே ஆபிரகாம்தான். ஐம்பதுகளில் இத்தகைய கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகி, பெனிசிலினைப் பயனற்றதாக்கி வந்தன. செஃபலோஸ்போரின் சி-யையோ அந்நொதியால் உடைக்க இயலவில்லை! பூட்டு புதியது, திருடனின் கையிலிருந்த சாவி அதற்குப் பொருந்தவில்லை.

அதன் அமைப்பை ஆபிரகாமும் நியூட்டனும் வகுத்துரைக்க, டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு 1961-இல் அதனை உறுதி செய்தார். வேதியியலார் அதன் கருப்பகுதியைப் பிரித்தெடுத்து, புதிய கிளைகளைப் பொருத்தி, ஆற்றலைப் பெருக்கினர். 1964-இல் இக்குடும்பத்தின் முதல் மருந்து நோயாளிகளை அடைந்தது. பின்னர் அடுத்தடுத்து வந்த மருந்துகளுள் செஃபிக்ஸிம் மாத்திரையும், செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் டைபாய்டுக்கே தரப்படுவனவாயின. எந்த நோயை எண்ணிப் புரோட்சு கடற்கரையில் நின்றாரோ, அந்நோய்க்கே அவருடைய பூஞ்சையின் வழித்தோன்றல்கள் மருந்தாயின.

ஆபிரகாம் இக்கண்டுபிடிப்பினால் கிடைத்த பெருஞ்செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை; ஆராய்ச்சிக்கும் கல்விக்குமாக அறக்கட்டளைகள் நிறுவி, அதன் பெரும்பகுதியை வழங்கிவிட்டார். ஒருவர் தேடி, மற்றவருக்குக் கொடுத்து, அவர் மேலும் வளர்த்து, பின்னர் பிறர்க்கென விட்டுச் சென்ற மருந்து இது. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி, மருந்தை உட்கொள்ளும் நாம்.

1945-இல் ஒலித்த எச்சரிக்கை

சார்தீனியாவில் அப்பூஞ்சை அகப்பட்ட அதே 1945-ஆம் ஆண்டின் இறுதியில், பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் நோபெல் பரிசு பெற்றார். அப்போது ஆற்றிய உரையில் அவர் ஒரு குடும்பக் கதையைச் சொன்னார். தொண்டை வலி கண்ட ஒருவர், தாமே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறார். கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. அக்கிருமிகள் அவரிடமிருந்து அவர் மனைவியைத் தொற்றுகின்றன. அவளுக்கு நுரையீரல் காய்ச்சல் வருகிறது. மருத்துவர் பெனிசிலின் கொடுக்கிறார், அது பலிக்கவில்லை, மனைவி இறந்துபோகிறாள். அவளுடைய சாவுக்கு யார் பொறுப்பு என்று ஃபிளெமிங் கேட்டார்.

எண்பது ஆண்டுகள் கடந்தும் அக்கேள்வி அப்படியே நிற்கிறது. கதையோ மெய்யாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து ஹைதராபாத் நகரில் டைபாய்டு பரவியபோது, செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அக்கிருமி அடங்கவில்லை. இவ்வகை மருந்துகளை உடைக்கும் நொதிக்குரிய மரபுப்பொருளை அது வேறு கிருமிகளிடமிருந்து பெற்றிருந்தது. அதனை அடக்க எஞ்சியிருந்த மருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகெங்கும் 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளினாலேயே நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். திருடன் புதிய சாவிகளைச் செய்துகொண்டே இருக்கின்றான். நமக்குப் புதிய பூட்டுகள் வேண்டும். அவற்றை எங்கே தேடுவது?

செடிக்குள் குடியிருப்போர்

புரோட்சு கண்ட பூஞ்சையினம் மண்ணிலும் வாழ்வது. இன்றைய ஆராய்ச்சியாளர் பலர், கடல்நீரை மட்டும் முகந்து பார்ப்பதோடு நில்லாமல், கடலுக்கே உரிய தாவரங்களின் உட்புறத்தையும் ஆராயத் தொடங்கியுள்ளனர். கடலின் அடித்தரையில் வேரூன்றிய கடற்புற்கள், பாறைகளைப் பற்றி வளரும் பாசிகள், கழிமுகச் சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்கள் ஆகிய இவற்றின் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன.

செடிக்குள் பூஞ்சை புகுந்தால் அது நோய் அன்றோ என்று கேட்கத் தோன்றும். எப்போதும் அன்று. செடிக்கு யாதொரு நோய்க்குறியும் தோன்றாமல், அதன் உயிரணுக்களுக்கு இடையே அமைதியாக வாழும் பூஞ்சைகள் உண்டு. இவற்றை அகவாழ் பூஞ்சைகள் எனலாம். அவ்வொடுங்கிய இடத்தில் இடத்துக்கும் உணவுக்கும் போட்டி மிகுதி. வேறு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நுழையப் பார்க்கும். செடியும் தன்னைக் காத்துக்கொள்ளப் பல பொருள்களைச் சுரக்கும். இவற்றிடையே நிலைத்து வாழ, அப்பூஞ்சைகள் தமக்கெனப் படைக்கலங்களை உருவாக்கிக்கொள்கின்றன. அப்படைக்கலங்களில் ஒன்று மனிதனுக்கு மருந்தாகலாம் என்பதே ஆராய்ச்சியாளரின் நம்பிக்கை.

இந்நம்பிக்கைக்கு நிலத்திலேயே ஒரு சான்று கிடைத்துள்ளது. ஜூனிப்பர் என்னும் செடியின் உயிருள்ள இலைக்குள் வாழ்ந்த பூஞ்சையொன்று சுரந்த பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட ஐப்ரெக்ஸாஃபன்ஜெர்ப் என்னும் மருந்து, ஒருவகைப் பூஞ்சைத் தொற்றுக்கென 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிலத்துச் செடிக்குள் கிடைத்தது, உப்பும் அலையும் ஏற்றவற்றமும் நிறைந்த கடலின் செடிக்குள் கிடைக்கலாகாதா?

நம் கடற்கரையும் இத்தேடலுக்குப் புறம்பானதன்று. சென்னையிலுள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தார் தமிழகக் கரையோரத்துக் கடற்பாசிகளின் உட்புறத்தை ஆராய்ந்து, 2010-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் இனமே அப்பாசிகளுக்குள் மிகுதியாக வாழக் கண்டனர். அகப்பட்டவற்றுள் சில, பிற பூஞ்சைகளைத் தடுக்கும் பொருள்களைச் சுரப்பதும் தெரிந்தது.

தேடும் முறை

இத்தேடலில் ஆடம்பரம் ஏதுமில்லை, பொறுமைதான் முதல். கடற்புல்லின் இலையொன்றைப் பறித்து நன்கு கழுவுகிறார்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உயிர்கள் யாவும் அழியுமாறு சாராயத்திலும், சலவைத்தூள் கரைசல் போன்ற குளோரின் நீரிலும் குறித்த நேரம் முக்கி எடுக்கிறார்கள். அந்நேரம் குறைந்தால் வெளியே உள்ளது சாகாது. கூடினால் உள்ளே உள்ளதும் செத்துவிடும். தூய்மை செய்த இலையை வெறுந்தட்டில் ஒருமுறை ஒற்றியும் பார்ப்பார்கள். அந்தத் தடத்தில் எதுவும் முளைக்கவில்லை என்றால், இனி வருவது இலையின் உள்ளிருந்தே வருகிறது என்று தெளியலாம்.

பின்னர் இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, கடல்நீர் கலந்த அகர் கூழின்மீது வைத்துக் காத்திருக்கிறார்கள். இந்த அகர் கூழும் கடலின் கொடையே. நம் வீடுகளில் ‘கடற்பாசி’ என்று சொல்லி இனிப்புச் செய்கிறோமே, அதுதான். செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளும் அகர் செய்யச் செல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க இதனைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தவர், ஃபான்னி ஹெஸ்ஸே என்னும் இல்லத்தரசி. சமையலறையில் தாம் கண்டறிந்த பயனை, ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த தம் கணவருக்கு அவர் கூறினார். 1882-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை உலகத்து ஆய்வுக்கூடங்கள் அக்குடும்பப் பெண்ணின் அறிவுக்குக் கடன்பட்டுள்ளன.

நாள்கள் செல்லச் செல்ல, இலைத்துண்டின் விளிம்பில் வெண்ணிற இழை மெல்ல எட்டிப் பார்க்கும். அதனைத் தனியே பிரித்து வளர்த்து, அது சுரக்கும் பொருள்களை வடித்தெடுத்து, நோய்க்கிருமிகள் படர்ந்த தட்டில் ஒரு சொட்டு வைப்பார்கள். சொட்டைச் சுற்றிக் கிருமியற்ற தெளிந்த வட்டம் தோன்றினால் நெஞ்சில் நம்பிக்கை துளிர்க்கும்.

ஏன் இத்தனை தாமதம்?

ஆயினும் தட்டில் தோன்றும் வட்டம் மருந்தாகிவிடாது. கண்டெடுத்த பொருள், பல ஆண்டுகளுக்கு முன்பே பிறர் கண்டதாக இருப்பது வழக்கம். புதியதேயாயினும், கிருமியைக் கொல்வது மனிதனின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கடலில் சுரந்த பூஞ்சை, ஆய்வுக்கூடத்தில் பகையின்றிச் சுகமாக வளரும்போது சுரப்பதையே நிறுத்திவிடுவதும் உண்டு. அதற்கு உப்பைக் கூட்டியும், ஒளியைக் குறைத்தும், அதனருகே வேறோர் உயிரைப் பகையாக வளர்த்தும் தூண்டிப் பார்க்கின்றனர். கடல்தாவரங்களின் அகவாழ் பூஞ்சைகளிலிருந்து புதிய பொருள்கள் பல அறியப்பட்டுள்ளன. எனினும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தாக அவற்றுள் ஒன்றேனும் மருந்துக்கடையை இன்னும் எட்டவில்லை.

பொருளாதாரத் தடையும் உண்டு. சர்க்கரை நோய்க்கான மருந்தை ஆயுள் முழுதும் வாங்குவர். கிருமிக்கொல்லியையோ சில நாள் உட்கொள்வதோடு சரி. புதிய கிருமிக்கொல்லியைக் கடைசி ஆயுதமாக எடுத்து வைக்க வேண்டும் என்பதால் விற்பனை மேலும் குறையும். 2018-இல் இத்தகைய மருந்தொன்றுக்கு ஒப்புதல் பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று, மறு ஆண்டே திவாலாயிற்று.

மேலும், தேடும் இடம் அழிந்தால் தேடுவது எதை? கடற்புல் வெளி வாரி எடுக்கப்பட்டால், புல்லோடு அதனுள்ளே குடியிருந்தவையும் போகும். பாக் வளைகுடாவில் கடற்பசுவுக்கென 2022-இல் தமிழக அரசு அறிவித்த காப்பகம், அவ்விலங்கு மேயும் கடற்புல்லையும், புல்லுக்குள் வாழும் நாமறியாத உயிர்களையும் சேர்த்தே காக்கிறது.

நம் பங்கு

ஆகவே, அன்பர்களே, புதிய மருந்து நாளையே வந்துவிடும் என்று எண்ணி, கையிலுள்ளதை வீணாக்குதல் தகாது. சளிக்கும் சாதாரண ஜலதோஷத்துக்கும் காரணம் வைரசுகள். அவற்றின்மேல் இம்மருந்துகளுக்கு ஆற்றல் இல்லை. ‘ஊசி போடுங்கள், நல்ல மாத்திரையாக எழுதுங்கள்’ என்று மருத்துவரை வற்புறுத்தாதிருப்போம். அவர் எழுதினால், அவர் சொன்ன அளவிலும் அவர் சொன்ன நாள்வரையிலும் உட்கொள்வோம். நடுவில் நிறுத்துவதாயின் அவரைக் கேட்டே நிறுத்துவோம். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென வைப்பதும், அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் அன்புச் செயல்கள் போலத் தோன்றலாம். அவை ஃபிளெமிங் சொன்ன கதையின் முதல் வரிகள்.

அட்டையின்மேல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதனை வாங்கலாகாது என்பதை அறிவுறுத்த நடுவண் அரசு 2016-இல் ஓர் இயக்கமே நடத்தியது. செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் பெயரை ஏட்டில் பதிய வேண்டும் என்ற விதியும் 2014 முதல் உள்ளது. சீட்டுக் கேட்கும் கடைக்காரரை நாம் கடிந்துகொள்கிறோம். அவருக்கு நன்றியன்றோ கூற வேண்டும்!

வராமற் காப்பது இன்னும் சிறந்தது. காய்ச்சி ஆறிய நீர், உண்ணுமுன் கைகழுவுதல், சுத்தமான கழிப்பிடம் ஆகியன டைபாய்டைத் தடுக்கும். குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் போடத்தக்க புதியவகை டைபாய்டுத் தடுப்பூசியை 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவிய அதே சிந்து மாநிலம், 2019-இல் அதனைத் தன் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. உங்கள் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறியுங்கள்.

புரோட்சு 1976-இல் காலமானார். கழிவுநீர்க் கரையில் நின்று அவர் கேட்ட கேள்வியால், அவர் முகம் அறியாத கோடிக்கணக்கான பிள்ளைகள் நோய்ப்படுக்கையினின்று எழுந்தனர். இன்றும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு கடற்கரையில், ஓர் இலைத்துண்டின் விளிம்பில் வெண்ணிற இழை எட்டிப் பார்க்கக் காத்திருக்கிறார். அவர் தேடியது கைகூடும்வரை, பழைய மருந்து நம் பிள்ளைகளைக் காக்க வேண்டும். அது இயலுமா என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. நம் வீட்டு அலமாரியிலும் தீர்மானிக்கப்படுகிறது. இன்று மாலையே அதனைத் திறந்து பாருங்கள்.